கேள்வி – பதில்: சாசிமாவுக்குப் போகாத ஆயர்

நசியான்சு நகர் புனித கிரகோரியார் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆதித் திருச்சபை வரலாற்றில் எங்கே திரும்பினாலும் ஒரு கிரகோரி. நம்மவரை மற்றவர்களிடமிருந்து எப்படிப் பிரித்தறிவது?

முதலில் காலத்தைப் பாருங்கள். புதுமைகள் செய்தவர் என்று பெயர் பெற்ற நியோசெசரியா கிரகோரி 3ஆம் நூற்றாண்டுக்காரர். 'பெரிய' கிரகோரி என்பவர் 590 முதல் 604 வரை உரோமையில் இருந்த திருத்தந்தை. இந்த இருவரும் எளிதில் விலகிவிடுவார்கள். தொல்லை கொடுப்பவர்கள் இன்னும் இருவர். இருவருமே 4ஆம் நூற்றாண்டு, இருவருமே கப்பதோக்கியா (இன்றைய துருக்கியின் நடுப்பகுதி). ஒருவர், நம்மவரின் நண்பர் பசிலியாரின் தம்பியான நிசா நகர் கிரகோரி. இன்னொருவர் நம்மவருடைய சொந்தத் தந்தை. பெயரும் கிரகோரி, பதவியும் நசியான்சு ஆயர். பழைய நூலில் 'நசியான்சு ஆயர் கிரகோரி' என்று மட்டும் இருந்து, ஆண்டு 374க்கு முன்னதாக இருந்தால், அது பெரும்பாலும் தந்தைதான்.

நம்மவர் ஏறத்தாழ 329 அல்லது 330இல் நசியான்சுக்கு அருகே அரியான்சு என்ற குடும்பப் பண்ணையில் பிறந்தார். தாய் நோன்னா, அக்கா கொர்கோனியா, தம்பி செசாரியுஸ். தம்பி அரசவையில் மருத்துவராக இருந்தவர். கிழக்குத் திருச்சபையில் 'இறையியலாளர் கிரகோரி' என்றால் இவர் ஒருவரே. 451இல் கூடிய கால்செதோன் பொதுச்சங்கக் காலத்திலேயே அந்தப் பட்டம் நிலைத்துவிட்டது.

கேள்வி: சாசிமா, நசியான்சு, கான்ஸ்டான்டிநோபிள் என்று மூன்று ஊருக்கு ஆயர் என எழுதுகிறார்கள். உண்மையில் எந்த ஊருக்கு ஆயர்?

முறைப்படி திருநிலைப்படுத்தப்பட்டது சாசிமாவுக்கு. அங்கே அவர் பணியாற்றவே இல்லை. இந்த ஒரு சிக்கல் பிடிபட்டால் அவருடைய பிற்கால வாழ்க்கை முழுதும் பிடிபடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

370இல் பசிலியார் செசரியாவின் ஆயரானார். கப்பதோக்கியா முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. சுமார் 372இல் பேரரசர் வாலென்ஸ் அந்த மாநிலத்தை இரண்டாகப் பிரித்தார். வரி, நிர்வாகத்துக்காகச் செய்த பிரிவினை அது. ஆனால் புதிய இரண்டாம் கப்பதோக்கியாவின் தலைநகரான தியானாவின் ஆயர் அந்திமுஸ், நாடு பிரிந்தால் திருச்சபை எல்லையும் பிரியத்தானே வேண்டும் என்று கிளம்பிவிட்டார். சண்டைக்குள் வருமானமும் இருந்தது. தவுருஸ் மலைப்பகுதியிலிருந்து பசிலியாருக்கு வரவேண்டிய பொருள்களை ஏற்றிவந்த கோவேறு கழுதைகளை அந்திமுஸின் ஆட்கள் மறித்துக் கொண்டார்கள். பசிலியார் கண்ட வழி, தகராறுள்ள இடங்களில் புதிய ஆயர் பதவிகளை உருவாக்கித் தம் ஆட்களை அமர்த்துவது. சாசிமாவுக்குக் கிடைத்த ஆள், ஏதென்ஸில் கூடப் படித்த நண்பர் கிரகோரி.

சாசிமா நெடுஞ்சாலையில் வண்டி மாற்றும் நிலையம். சாலை மூன்றாகப் பிரியும் இடம். தண்ணீர் இல்லை, புல் இல்லை. புழுதி, வண்டிச் சத்தம், வரி வசூலிப்பவர்கள், கைவிலங்கு, ஓலம். குடிமக்கள் என்று பார்த்தால் வந்து போகிறவர்கள்தான். கிரகோரியாரே செய்யுளில் கொடுக்கும் வருணனை இது. எரிச்சலோடு எழுதியது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். ஆனாலும் ஊரின் வகை பற்றிச் சந்தேகப்பட இடமில்லை.

அவர் அங்கே குடியேற மறுத்து, நசியான்சிலேயே முதிய தந்தைக்குத் துணை ஆயராக இருந்தார். 374இல் தந்தை இறந்த பிறகும் தற்காலிகமாகக் கவனித்துக்கொண்டாரே தவிர, அந்தப் பதவியை ஏற்கவில்லை. 375 வாக்கில் இசௌரியாவின் செலூக்கியாவுக்கு, புனித தெக்லாவின் திருத்தலத்துக்குப் போய்த் தங்கிவிட்டார்.

பசிலியார் மீது அவருக்கு இருந்த வருத்தம் மேலோட்டமானது என்று சிலர் பூசி மெழுகுவதுண்டு. 48, 49 ஆகிய எண்களுள்ள கடிதங்களைப் படித்தால் அப்படிச் சொல்ல முடியாது. பசிலியார் இறந்த பின் அவரைப் போற்றி ஆற்றிய நீண்ட நினைவுரையிலும்கூட (43ஆம் உரை), புகழுரைக்கு நடுவே சாசிமா விஷயத்தை எடுத்து நிறுத்துகிறார். நினைவுரையில் குறை சொல்வது அந்தக் கால உரைக்கலை மரபுக்கே பொருந்தாது. தெரிந்தே செய்திருக்கிறார்.

கேள்வி: 381ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் பாதியில் எழுந்து போனாராமே? கோபமா, உடல்நலக் குறைவா?

இரண்டும் உண்டு. ஆனால் வெளியேறும் கதவைத் திறந்துவிட்டது ஒரு சட்ட விதி.

முன்கதை இது. ஆகஸ்ட் 378இல் அத்ரியானோபிள் போரில் வாலென்ஸ் கொல்லப்பட்டார். அவர் ஆரியுஸ் வழிவந்த கொள்கைக்கு, அதாவது மகன் தந்தைக்கு நிகரானவர் அல்லர் என்ற தரப்புக்கு ஆதரவாக இருந்தவர். தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளின் கோவில்கள் அனைத்தும் அத்தரப்பின் கையில் இருந்தன. மகன் தந்தைக்கு நிகரானவர் என்ற நிசேயா விசுவாசத்தைப் பின்பற்றிய சிறு குழு 379இல் கிரகோரியாரை அழைத்தது. உறவினர் வீடொன்றில் ஒரு சிற்றாலயம் அமைத்து 'அனஸ்தாசியா' என்று பெயரிட்டார். உயிர்ப்பு என்று பொருள். அந்த ஆண்டு பாஸ்கா இரவில் ஒரு கும்பல் உள்ளே புகுந்து கல்லெறிந்தது. புகழ்பெற்ற ஐந்து இறையியல் உரைகள் (27 முதல் 31 வரை) இந்தக் காலத்தில் இந்நகரில் ஆற்றப்பட்டவை.

நவம்பர் 380இல் பேரரசர் தெயோதோசியுஸ் நகருக்குள் வந்தார். ஆரியுஸ் தரப்பு ஆயர் தெமோபிலுஸ் வெளியேற்றப்பட்டார். படைவீரர் காவலோடு கிரகோரியார் திருத்தூதர் பேராலயத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அடுத்த மே மாதம் பொதுச்சங்கம் கூடியது. மரபுக் கணக்குப்படி 150 ஆயர்கள். அந்தியோக்கியாவின் மெலேத்தியுஸ் தலைமை தாங்கினார். சங்கம் கிரகோரியாரைத் தலைநகரின் ஆயராக ஏற்றது. சில நாளிலேயே மெலேத்தியுஸ் இறந்துவிட, தலைமை கிரகோரியாருக்கு வந்தது.

அந்தியோக்கியாவில் நிசேயா தரப்பிலேயே இரண்டு ஆயர்கள்: மெலேத்தியுஸ் ஒருவர், பவுலினுஸ் ஒருவர். இப்போது ஒருவர் போய்விட்டாரே, பவுலினுஸ் சாகும்வரை அவரையே விட்டுவிடுங்கள், பிளவு தானாகத் தீரும் என்பது கிரகோரியாரின் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் மெலேத்தியுஸின் ஆட்கள். தங்கள் தரப்பிலேயே அடுத்தவரை அமர்த்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். காகக் கூட்டம் போலவும், முகத்தில் மொய்க்கும் குளவிகள் போலவும் சத்தம் போட்டார்கள் என்று அவர் பின்னாளில் செய்யுளில் எழுதினார். தன்னைச் சுற்றி இருந்தவர்களின் ஆதரவு அன்றோடு போயிற்று.

அந்த நேரத்தில் எகிப்திலிருந்தும் மக்கதோனியாவிலிருந்தும் ஆயர்கள் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கையில் 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் 15ஆம் விதி. ஆயரோ குருவோ திருத்தொண்டரோ ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறக்கூடாது என்கிறது அது. சாசிமாவின் ஆயர் தலைநகரின் ஆயராவது எப்படி என்று கேட்டார்கள். அவர் சாசிமாவில் ஆயராகப் பணியாற்றவே இல்லை என்பது நல்ல எதிர்வாதம். ஆனால் திருநிலைப்பாடு நடந்ததை மறுக்க முடியாது. செத்துப்போன சட்டங்களைத் தோண்டுகிறார்கள் என்று அவர் நொந்துகொண்டார். அந்த விதியை அக்காலத்தில் பலரும் மீறியிருந்தார்கள், உண்மைதான். மீறியவர்களுக்கு ஆதரவாக ஒரு கூட்டம் இருந்தது. இவருக்கு அப்போது இல்லை. வாதாடாமல், யோனாவைப் போல என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள், புயல் அடங்கட்டும் என்று சொல்லி விலகினார்.

அவருக்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நெக்தாரியுஸ் என்ற மேலவை உறுப்பினர். அப்போது திருமுழுக்கே பெறாதவர். விதியைக் காட்டி ஒருவரை அனுப்பிய அதே சங்கம் செய்த தேர்வு இது! அடுத்த ஆண்டு மீண்டும் ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது, ஆயர்கள் கூடிய எந்தக் கூட்டமும் நல்லபடி முடிந்து தாம் பார்த்ததில்லை என்று பதில் எழுதினார் (130ஆம் கடிதம்).

கேள்வி: 'ஏற்றுக்கொள்ளப்படாதது குணமாக்கப்படவில்லை' என்ற அவருடைய வாக்கியம் எந்தச் சூழலில் வந்தது?

கிலெதோனியுஸ் என்ற குருவுக்கு எழுதிய 101ஆம் கடிதத்தில். லவோதிக்கேயா ஆயர் அப்பொல்லினாரிஸ், கிறிஸ்துவிடம் மனித அறிவுக்குப் பதிலாக இறைவார்த்தையே இருந்தது என்று கற்பித்தார். மனிதனில் முதலில் தவறியது அறிவுதானே, அதையே கிறிஸ்து ஏற்கவில்லை என்றால் அது எப்படிக் குணமாகும் என்பது கிரகோரியாரின் கேள்வி. இந்த வாக்கியத்தை உடலைக் குறித்து மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் கூர்மையை இழந்துவிடுகிறார்கள். அங்கே விவாதமே அறிவைப் பற்றியது.

அதே கடிதத்தின் இறுதிப் பகுதியையும் படியுங்கள். அப்பொல்லினாரிஸ் தரப்பு புதிய திருப்பாடல்களையும் இனிய செய்யுள்களையும் இயற்றிப் பரப்பியது. அதுதான் வழி என்றால் நாங்களும் பாடல் இயற்றுவோம், யாப்பில் நிறைய எழுதுவோம் என்கிறார். அடுத்த கேள்விக்கு இதுவே வாசல்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆயர் 17,000 வரிக்கு மேல் செய்யுள் எழுதக் காரணம் என்ன? அவை கவிதையா, அல்லது செய்யுள் வடிவில் மறைக்கல்வியா?

காரணத்தை அவரே 'தம் செய்யுள்கள் குறித்து' என்ற பாடலில் நான்காகச் சொல்லியிருக்கிறார். முதலாவது, தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள. யாப்பில் எழுதுவது உழைப்பு; சீர் பார்த்து எழுதுகிறவன் அளவு மீறி எழுத முடியாது. (17,000 வரிக்குப் பிறகு இதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம்.) இரண்டாவது, இலக்கியத்தில் நாட்டமுள்ள இளைஞர்களுக்கு, கசப்பான அறிவுரையை இனிப்பாக்கிக் கொடுக்க. மூன்றாவது, எழுத்துக் கலையில் பிற சமயத்தார் நம்மை விஞ்சிவிடக்கூடாது. நான்காவது, நோயில் ஆறுதல்.

மூன்றாவதன் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. ஏதென்ஸில் கிரகோரியார் படித்த நாள்களில் அங்கே இருந்த யூலியன், பேரரசரானதும் 362இல் கிறிஸ்தவர்கள் பழைய கிரேக்க இலக்கியம் கற்பிப்பதைத் தடுக்கச் சட்டம் போட்டார். ஹோமரை நம்பாதவன் ஹோமரைக் கற்பிக்கக் கூடாது என்பது வாதம். மொழி யாருடைய தனிச்சொத்தும் அல்ல என்று 4ஆம் உரையில் பதில் சொன்ன கிரகோரியார், முதுமையில் ஹோமரின் யாப்பிலேயே எழுதிக் காட்டினார்.

யாப்பு பற்றி ஒரு விளக்கம், நம் வாசகர்களுக்கு எளிதில் புரியும். அவர் கையாண்டவை குறில் நெடில் கணக்கில் அமைந்த பழைய கிரேக்க யாப்புகள். ஹோமரின் அடியில் ஆறு சீர். ஒவ்வொரு சீரும் ஒரு நெடிலசையும் இரு குறிலசையும், அல்லது இரு நெடிலசைகள். ஐந்தாம் சீரில் பெரும்பாலும் முதல் வகையே வரும், கடைசிச் சீரில் இரண்டே அசை. இரங்கற்பாக்களுக்கு இந்த அடியோடு குறுகிய இன்னோர் அடியைச் சேர்த்து ஈரடியாக்குவார்கள். தன்வரலாற்றுக்கு அவர் எடுத்தது நாடக உரையாடலுக்குரிய யாப்பு, பேச்சுக்கு நெருக்கமானது.

சிக்கல் என்னவென்றால், 4ஆம் நூற்றாண்டுப் பேச்சுக் கிரேக்கத்தில் குறில் நெடில் வேறுபாடு காதில் மறைந்துகொண்டிருந்தது. கவிஞன் ஏட்டறிவைக் கொண்டு கணக்குப் போட வேண்டும். எ–ஏ, ஒ–ஓ போன்ற இணைகளுக்குக் கிரேக்கத்தில் தனித்தனி எழுத்து உண்டு. அங்கே தவறு வராது. அ, இ, உ இனத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே எழுத்து. கிரகோரியாரின் யாப்புப் பிழைகள் என்று இலக்கணக்காரர்கள் பட்டியலிடுபவற்றில் பெரும்பகுதி இந்த மூன்று எழுத்துகளில்தான் விழுகிறது. அவருக்கு யாப்பு தெரியாது என்ற பழைய குற்றச்சாட்டை இதை வைத்து எடைபோட்டுக்கொள்ளலாம்.

கவிதையா என்றால், எல்லாம் இல்லை. எகிப்தின் பத்து வாதைகள், பத்துக் கட்டளைகள், கிறிஸ்துவின் தலைமுறை அட்டவணை, திருநூல்களின் பட்டியல் என்று மனப்பாடத்துக்காகவே செய்தவை உண்டு. அவற்றில் கவிதையைத் தேட வேண்டாம். (அந்தப் பட்டியலில் எஸ்தரும் திருவெளிப்பாடும் இல்லை, 4ஆம் நூற்றாண்டில் திருநூல் வரிசை இன்னும் இறுகவில்லை என்பதற்கு நல்ல சான்று.) கவிதை வேண்டுமென்றால் தம்மைப் பற்றிய பாடல்களுக்குப் போங்கள்: நோய், தனிமை, கடவுள் ஏன் பேசவில்லை என்ற கேள்வி. தாய் நோன்னா பலிபீடத்தருகே செபித்துக்கொண்டே இறந்ததைப் பற்றி மட்டும் அடுக்கடுக்காகக் குறும்பாக்கள் எழுதினார். ஒரே நிகழ்வைத் திரும்பத் திரும்ப வேறு சொற்களில் சொல்லும் அவை, ஒன்றிரண்டு படித்தால் சலிப்பாகவும் தொடர்ந்து படித்தால் வேறு மாதிரியும் இருக்கும். கிரேக்கக் குறும்பாத் திரட்டின் எட்டாம் பகுதியிலுள்ள 254 பாக்களும் அவருடையவை. கல்லறைக் கொள்ளையரைத் திட்டியவை அவற்றில் கணிசம்.

கேள்வி: தன்வரலாற்றுச் செய்யுளை வைத்து அவர் வாழ்க்கையை எழுதலாமா?

எழுதலாம், அதை மட்டும் வைத்து எழுதக் கூடாது. 1,949 அடிகள் கொண்ட அந்தப் பாடல், பதவி விலகிய காயம் ஆறாத நிலையில் கான்ஸ்டான்டிநோபிள் மக்களை நோக்கி எழுதப்பட்ட தன்விளக்கம். எதிராளிகளுக்கு அதில் நியாயம் கிடைக்காது.

சோதித்துப் பார்க்க நல்ல இடம் மாக்சிமுஸ் விவகாரம். சினிக் மெய்யியல் துறவியான இவரை, 380இல் எகிப்தியர் சிலர் இரவோடு இரவாகத் தலைநகரின் ஆயராகத் திருநிலைப்படுத்த முயன்றார்கள். செய்யுளில் மாக்சிமுஸ் ஒரு கேலிச்சித்திரம். சாயமேற்றிய நீள்முடி முதற்கொண்டு எதுவும் தப்பவில்லை. அந்த முயற்சிக்குச் சற்று முன் ஆற்றிய 25ஆம் உரையை எடுத்துப் பாருங்கள். அதே மனிதருக்கு உச்சிமீது வைத்த புகழ்! பின்னாளில் அந்த உரையில் மாக்சிமுஸின் பெயருக்குப் பதிலாக 'ஹேரோன்' என்ற பெயர் இடப்பட்டது. மாக்சிமுஸின் திருநிலைப்பாடு செல்லாது என்று 381ஆம் ஆண்டுச் சங்கம் தன் 4ஆம் விதியில் அறிவித்ததால், நிகழ்வு உண்மை. நிறம் மட்டும் கிரகோரியார் பூசியது.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். இடைக்காலப் பைசாந்தியக் கலைக்களஞ்சியம் ஒன்று அவர் 90 வயது வாழ்ந்தார் என்று சொல்வதால், பிறப்பை 300 வாக்கில் வைத்தவர்கள் உண்டு. அது தன்வரலாற்றோடு மோதுகிறது. 'நான் பலி செலுத்திவந்த (அதாவது, திருப்பணியில் இருந்த) காலத்தின் அளவுகூட உன் வயது ஆகவில்லை' என்ற பொருளில் தந்தை பேசுவதாக அதில் வருகிறது. தந்தை திருமுழுக்குப் பெற்றதே 325 வாக்கில்தான். இறப்புக்கு எரோணிமுஸ் சாட்சி: 392இல் எழுதும்போது சுமார் மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்தார் என்கிறார். 389 அல்லது 390 என்பது இப்படி வருகிறது.

கேள்வி: எங்கே தொடங்கிப் படிப்பது? நூல்களில் வரும் எண்கள் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

எண்கள் மூன்று வகை. உரைகளுக்கு 1 முதல் 45 வரை. இதில் 35ஆவது அவருடையது அல்ல, ஆக 44. எண்வரிசை காலவரிசை அல்ல, அதனால் 1இலிருந்து தொடங்க வேண்டாம். கடிதங்கள் ஏறத்தாழ 240. பாடல்களுக்கு மூன்று எண் சேர்ந்து வரும். முதல் எண் பகுதி: 1 என்றால் இறையியல், 2 என்றால் வரலாறு. நடு எண் உட்பிரிவு: 1,1 கோட்பாடு, 1,2 ஒழுக்கம், 2,1 தம்மைப் பற்றி, 2,2 பிறரைப் பற்றி. கடைசி எண் பாடல். தன்வரலாறு 2,1,11. தம் செய்யுள்கள் குறித்த பாடல் 2,1,39. இந்தப் பிரிவு கவிஞர் செய்ததல்ல, பிற்காலப் பதிப்பாளர்கள் செய்தது. கையெழுத்துப் படிகளில் வரிசை வேறு. மீஞ் பதிப்பித்த கிரேக்கத் தந்தையர் தொகுதியில் 35, 36இல் உரைகள், 37இல் கடிதங்களும் பாடல்களும், 38இல் மீதிப் பாடல்கள்.

தொடக்கத்துக்கு 38ஆம் உரை, கிறிஸ்து பிறப்புக்கானது. அதன் முதல் வரிகளைக் கிழக்குத் திருச்சபை இன்றும் கிறிஸ்துமஸ் வழிபாட்டில் பாடுகிறது. அடுத்து ஏழைகள் மீதான அன்பு குறித்த 14. பிறகு 51ஆம் கடிதம்: கடிதம் எப்படி எழுதுவது என்று உறவினரான இளைஞருக்குச் சொல்வது, சுருக்கம், தெளிவு, நயம், மூன்றே பக்குவம். அதற்குப் பின் 43. இறையியல் உரைகளை வரிசை மாற்றாமல் 27இலிருந்து படியுங்கள். பலரும் நேரே தூய ஆவியார் பற்றிய 31க்குத் தாவிவிடுகிறார்கள். கடவுளைப் பற்றி யார், எப்போது, யாரிடம், எந்த அளவு பேசலாம் என்று 27 போடும் வேலியைத் தாண்டிவிட்டால், பின்னுள்ளவை வெறும் வாதச் சண்டையாகவே தோன்றும். தன்வரலாறு கடைசியில். ஆட்களைத் தெரிந்துகொண்டு போனால்தான் அதில் சுவை.

கேள்வி: 'துன்புறும் கிறிஸ்து' என்ற கிரேக்க நாடகம் அவருடையதா?

கையெழுத்துப் படிகள் அவர் பெயரைச் சொல்கின்றன. 2,600 அடிகளில் கணிசமானவை பழைய கிரேக்க நாடக ஆசிரியர் யூரிப்பிடீஸின் நாடகங்களிலிருந்து எடுத்துத் தைத்தவை. மொழி, யாப்பு இரண்டையும் வைத்து இன்று பெரும்பாலான அறிஞர்கள் 11 அல்லது 12ஆம் நூற்றாண்டுப் பைசாந்தியப் படைப்பாகவே கருதுகிறார்கள். அவர் பெயரில் மேற்கோள் காட்டாமல் இருப்பது நல்லது.

கேள்வி: திருநாள் எது? நாள்காட்டிக்கு நாள்காட்டி மாறுகிறதே.

உரோமை நாள்காட்டியில் 1969 முதல் பசிலியாரோடு சேர்த்து ஜனவரி 2. அதற்கு முன் மே 9. பழைய செபப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இதனால்தான் குழப்பம். கிழக்கில் ஜனவரி 25. ஜனவரி 30இல் பசிலியார், கிறிசோஸ்தோம் ஆகியோருடன் மூவருக்கும் பொதுவான விழாவும் உண்டு. மூவரில் யார் பெரியவர் என்று 11ஆம் நூற்றாண்டில் எழுந்த தகராறைத் தீர்க்க ஏற்படுத்தியது அது. திருப்பண்டங்கள் உரோமையில் பேதுரு பேராலயத்தில் இருந்தன. 2004 நவம்பர் 27 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவற்றைக் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவிடம் ஒப்படைத்தார். இப்போது இஸ்தான்புல், பனார் பகுதியிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளன.